வடசென்னையில் மழைவெள்ளம்: உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வரிசையில் தடுப்பது?

வியாசர்பாடியில் வசிக்கிறேன். தொழில் கட்டட மேற்பார்வை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய் மட்டம் பார்த்துச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப நான் பார்ப்பது ஒரே தவறுதான். அளக்கும் முன்பே செலவு செய்துவிடுகிறார்கள்.

2023 டிசம்பர் புயல் முடிந்ததும் எதிர்த்தெரு அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தம்பி, வாசல்ல இரண்டடிக்குச் சுவர் எழுப்பினோமே, அந்தப் பக்கம் ஒரு சொட்டு வரல. பாத்ரூம் வழியா வந்து பீரோ வரைக்கும் நின்னுடுச்சு." சுவருக்குக் கொடுத்த பணத்தில் பாதி இருந்தால் அந்தக் கழிவறை வழியை அடைத்திருக்கலாம். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் கிடைக்கும் விடையை வைத்துத்தான் நடக்கும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

அரை அங்குலத் தெளிவான பிளாஸ்டிக் டியூப் 40 அடி, டேப், சாக்பீஸ், ஒரு நோட்டு, துணைக்கு ஒரு ஆள். டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கொத்தனார் மட்டம் பார்க்கும் அதே டியூப்தான். உங்கள் தெருவில் பத்து இருபது ஆண்டுகளாக இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசவும் வேண்டும். இந்தப் பேச்சைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு தவறான இடத்தில் காசைப் போடுகிறார்கள்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அளக்கும் வேலை ஜூலையிலேயே முடிந்துவிட வேண்டும், கட்டுமான வேலை செப்டம்பருக்குள். தீபாவளி நெருங்கினால் பிளம்பரும் கொத்தனாரும் கிடைக்க மாட்டார்கள். ஈரத்தில் சிமெண்ட் பூச்சும் சரியாகப் பிடிக்காது.

2. உங்களுக்கு வருவது எந்தத் தண்ணீர்?

வடசென்னையில் "வெள்ளம்" என்று நாம் சொல்வதில் நான்கு வகை உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வேலை இன்னொன்றுக்கு உதவாது. அந்தப் பழைய ஆளிடம் கேளுங்கள்: தண்ணீர் எப்போது வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன நிறம், என்ன நாற்றம், எத்தனை நாள் நின்றது?

*தெருவில் பெய்த மழை.* மழை கொட்டும்போதே ஏறும், மழை விட்டதும் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கும். இதற்கு மழைநீர் வடிகாலும் தெருவின் மட்டமும்தான் காரணம். பெரும்பாலான தெருக்களின் பிரச்சினை இதுதான்.

*மேலிருந்து வரும் நீர்.* மழை நின்று வெயில் அடிக்கும்போது மட்டம் ஏறினால், வருவது ஏரித் தண்ணீர் அல்லது ஆற்றுத் தண்ணீர். புழல் ஏரியின் உபரிநீர் மாதவரம், வடபெரும்பாக்கம், மணலி வழியாகச் சடையங்குப்பம் பக்கம் போய் எண்ணூரை நோக்கிச் செல்கிறது. பூண்டி ஏரியைத் திறந்தால் கோசஸ்தலையாறு வழியாக மணலி புதுநகரைத் தொட்டுக்கொண்டு அதே எண்ணூருக்கு வருகிறது. 2021 நவம்பரில் மணலி புதுநகர்க்காரர்கள் பட்டது இந்த வகைத் தண்ணீரால். மணல் மூட்டை இதன் முன் நிற்காது. முன்கூட்டியே வெளியேறத்தான் திட்டம் வேண்டும்.

*கடல் ஏற்றம்.* பக்கிங்காம் கால்வாயின் வடபகுதியும் கோசஸ்தலையாறும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலில் சேர வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அந்த வாய் நீரை வாங்காது. மணல் மேடிட்டிருந்தால் இன்னும் மோசம். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். தெருத் தண்ணீர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்று, அடுத்த ஆறு மணி நேரம் வடிந்து, மறுபடி நின்றால் இதைச் சந்தேகியுங்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் புயல் கரைக்கு அருகிலேயே நின்று மழையைக் கொட்டியது. மழை, மேல்நீர், கொந்தளித்த கடல் மூன்றும் சேர்ந்த நாட்கள் அவை. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் ஒட்டியது. தொழிற்சாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் வெள்ளநீரை வெறும் மழைநீராக நினைக்கக் கூடாது.

*கழிவுநீர் எதிர்த்து வருவது.* தெருவில் முழங்கால் அளவுகூட இல்லாதபோதே கழிவறையிலும் குளியலறை நாணி டிராப்பிலும் (தரைத் தண்ணீர் இறங்கும் துளை) கருப்பாகக் கொப்பளிக்கும். வீட்டுக்குள் முதலில் நுழைவது பெரும்பாலும் இதுதான். பலரும் கடைசியாகக் கவனிப்பதும் இதைத்தான்.

3. மட்டம் பாருங்கள்

டியூபில் தண்ணீர் நிரப்புங்கள். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குமிழி இருந்தால் அளவு அங்குலக்கணக்கில் தவறும், அதை நம்பிச் செய்யும் வேலையும் வீண். வீட்டு முன்சுவரில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். அதுதான் பூஜ்யம். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை அங்குலம் கீழே, எத்தனை மேலே என்றுதான்.

டியூபின் ஒரு முனை கோட்டருகே, இன்னொன்று அளக்கும் இடத்தில். இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரம் ஒன்றே. குறித்துக்கொள்ள வேண்டியவை:

- வாசற்படி, உள்தரை
- கழிவறைப் பீங்கானின் விளிம்பு, நாணி டிராப்
- வீட்டுச் சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் தொட்டி) மூடி, தெருவில் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) சாக்கடை மேன்ஹோல் மூடி
- சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வாய்
- மீட்டர் பெட்டியின் அடி, கீழே உள்ள பிளக் பாயிண்டுகள்
- வீட்டு முன் சாலையின் நடு
- பழைய வெள்ளம் நின்ற கறை

பிறகு தெருமுனைக்கு நடந்து போங்கள். டியூப் எட்டாத தூரத்தைக் கட்டம் கட்டமாக அளக்கலாம்: சுவரில் புதுக்கோடு போட்டு, அங்கிருந்து அடுத்தது. தேடுவது ஒன்றைத்தான். தெருவில் தேங்கும் தண்ணீர் வழிந்தோட வேண்டிய வழிகளில் எது மிகத் தாழ்ந்தது? அந்த வழியில் உள்ள மேட்டின் உச்சி எந்த உயரத்தில் இருக்கிறது?

இதைப் புதியவர்கள் எல்லாருமே தவறவிடுகிறார்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் தெரு ஒரு தாம்பாளம் மாதிரி ஆகிவிடும். விளிம்பில் எது தாழ்வோ அந்த உயரம் வரை தண்ணீர் ஏறித்தான் தீரும், அதன் பிறகுதான் வழியும். அந்த இடம் பெரும்பாலும் மெயின் ரோட்டைச் சேரும் முனை. மெயின் ரோட்டில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ஆறு அங்குலம் புதுத் தார் போட்டால், உங்கள் வீட்டு வெள்ளமட்டம் ஆறு அங்குலம் ஏறியது என்று அர்த்தம். நீங்கள் எதையும் மாற்றாதபோதும் அப்படித்தான். சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு அறிவுறுத்தியிருக்கிறது. வேலை தொடங்கும் நாளில் தெருவே கூடிக் கேட்க வேண்டிய விஷயம் இது. போட்டு முடித்த பிறகு கேட்டால் பலனில்லை.

இப்போது நோட்டில் இரண்டு ஒப்பீடுகள். வழியும் மேட்டைவிட உங்கள் வாசற்படி தாழ்வா? தாழ்வென்றால் வாசல் வழியாக வரும். தெரு மேன்ஹோல் மூடியைவிடக் கழிவறை விளிம்பு தாழ்வா? தாழ்வென்றால் வாசலுக்கு முன்பே அங்கே வரும். சாக்கடைக் குழாய் நிரம்பினால் கழிவுநீர் மேன்ஹோல் மூடி வரை ஏறி அங்கே பொங்கும். அதற்குக் கீழே உள்ள எந்தத் துளையும் அதற்கு வாசல்தான்.

4. உங்கள் தெருவின் மழைக்கணக்கு

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 100 மி.மீ. பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் ஏறக்குறைய 22,300 லிட்டர். வீட்டுக்கு ஒரு சின்னத் தொட்டி வைத்து வெள்ளத்தைத் தடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. ஆனால் தெருவுக்கு முக்கியம் ஒரு நாளில் எவ்வளவு என்பதைவிட ஒரு மணி நேரத்தில் எவ்வளவு என்பதுதான். 100 மி.மீ. நாள் முழுக்கத் தூறினால் வடிகால் தாங்கும். இரண்டு மணி நேரத்தில் கொட்டினால் தாங்காது.

நேரான பக்கங்கள் கொண்ட ஒரு டப்பாவை மொட்டைமாடியில் திறந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பெருமழையின்போதும் மணிக்கு எத்தனை மி.மீ., தெருவில் எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். மூன்று நான்கு மழைக்குள் உங்கள் தெருவுக்கென்று ஒரு கணக்கு பிடிபடும். என் தெருவில் ஒரு மணிக்கு 30 மி.மீ. தாண்டினால் கணுக்கால், அதே வேகம் இரண்டாவது மணியும் நீடித்தால் படிக்கட்டு. உங்களுக்கு வேறாக இருக்கும்.

5. வடிகாலைக் கடைசி வரை நடந்து பாருங்கள்

தெருவில் வடிகால் இருப்பது போதாது, அது எதிலாவது போய்ச் சேர வேண்டும். வியாசர்பாடிப் பக்கத்துத் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும், புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பக்கம் ஓட்டேரி நல்லா ஓடைக்கும், கொளத்தூர்ப் பக்கம் தணிகாசலம் நகர் கால்வாய்க்கும் போக வேண்டும். அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய். மழையில்லாத நாளில் இந்த வழியை நடந்தே பாருங்கள். எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வடிகால் அடுத்த தெருவின் வடிகாலோடு சேராமல் பன்னிரண்டு அடிக்கு முன்பே நின்றிருந்தது. நடந்து பார்த்ததால்தான் தெரிந்தது.

பார்க்க வேண்டியவை: சாலைத் தண்ணீர் இறங்கும் வாயில் மண்ணும் பிளாஸ்டிக்கும், வடிகாலுக்குக் குறுக்கே போகும் கேபிள் அல்லது குடிநீர்க் குழாய், யாராவது திருட்டுத்தனமாக இணைத்த கழிவுநீர்க் குழாய், கால்வாயில் சேரும் இடத்தில் கால்வாயின் நீர்மட்டம் வடிகாலின் அடியைவிட மேலே இருக்கிறதா என்பது. கடைசியில் சொன்னது இருந்தால், உள்ளே எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணீர் நகராது. கால்வாயைத்தான் தூர்வார வேண்டும்.

படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், மாநகராட்சியின் 1913-இலோ நம்ம சென்னை செயலியிலோ புகார் செய்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனியாக "தண்ணி நிக்குது" என்று பத்துப் பேர் சொல்வதைவிட, "இந்த வீட்டுக்கு எதிரே பன்னிரண்டு அடி இணைப்பு இல்லை" என்று ஒருவர் படத்தோடு வார்டு உதவிப் பொறியாளரிடம் கொடுப்பது வேலையை நகர்த்தும். ஆகஸ்டில் கொடுங்கள். நவம்பரில் அவரிடம் இருப்பது மோட்டார் மட்டும்தான்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு மூச்சுவிடும் நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும். அது சட்டப்படி குற்றமும்கூட. தண்ணீர் தேங்கியிருக்கும்போது வடியட்டும் என்று மூடியைத் தூக்கி வைப்பதும் கூடாது. கலங்கல் தண்ணீரில் அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் தெரு அது.

6. வீட்டு வேலைகள், இந்த வரிசையில்

மின்சாரம் முதலில். உயிரைக் குடிப்பது இதுதான், அதனால் முதல் ரூபாய் இதற்கு. தரைத்தளத்துக்குத் தனி சர்க்யூட் பிரித்து, பழைய வெள்ளக்கறைக்கு இரண்டடி மேலே பிளக் பாயிண்டுகளை ஏற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். கசிவு வந்த கணத்தில் அது அறுத்துவிடும். மீட்டர் பெட்டியை நீங்களே நகர்த்தக் கூடாது, மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவான தவறு: தண்ணீர் உள்ளே வந்த பிறகு அதில் நின்றுகொண்டே மெயினை அணைப்பது. படிக்கட்டை எட்டும்போதே அணைத்துவிடுங்கள். தெருவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (மின்பெட்டி) பக்கம் போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

கழிவறை இரண்டாவது. தெருக் குழாயில் சேரும் முன் வீட்டுச் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (வெளியே மட்டும் விடும், திரும்பி வர விடாத வால்வு) போடச் சொல்லுங்கள். சேம்பர் சிறிதாக இருந்தால் பிளம்பர் முடியாது என்பார். சேம்பரைப் பெரிதாக்கியாவது போடுங்கள், துடைக்கக் கை நுழைய வேண்டும். பருவமழைக்கு முன் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் துணியோ முடியோ சிக்கி வால்வு மூடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது. மாடிவீட்டுக்காரர் வாளி வாளியாக ஊற்றினால் அது கீழ்வீட்டுக் கழிவறையில்தான் பொங்கும். வெளித்தண்ணீரை நிறுத்திவிட்டு உள்தண்ணீரில் மூழ்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மாடியில் இருப்பவர்களிடம் முன்பே பேசி, அந்தச் சில மணி நேரத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்க ஒப்புக்கொள்ள வையுங்கள்.

வால்வுக்கு வழியில்லாத வாடகை வீட்டில்: தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, பழந்துணி சுற்றி, கழிவறைப் பீங்கானுக்குள் அழுத்தி, மேலே கனமான கல் வையுங்கள். நாணி டிராப்புக்கும் அப்படியே. பை உறுதியாக இருக்கட்டும். கிழிந்து மணல் உள்ளே இறங்கினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சம்ப் மூன்றாவது. சம்ப் வாய் தரையோடு தரையாக இருந்தால் வெள்ளம் முடிந்து ஒரு வாரம் குடிநீர் கிடையாது. சுற்றி ஒன்றரை அடி செங்கல் கட்டி, உள்ளும் புறமும் பூசி, மேலே பொருந்தும் மூடி போடுங்கள். எச்சரிக்கை வந்தால் சம்பை நிரப்பி வையுங்கள். குடிக்கத் தண்ணீர் இருக்கும். அதோடு, மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் நிலத்தடி நீர் அதை மேலே தள்ளிவிடும்.

வாசல் கடைசியில்தான். இரு பக்கச் சுவரிலும் இரும்புச் சேனல் பதித்து, தேவைப்படும்போது பலகை இறக்கலாம். ஓரங்களில் ரப்பர் ஒட்டுங்கள். இரண்டடிக்கு மேல் தடுக்க முயலாதீர்கள். வெளியே தண்ணீர், உள்ளே காலி என்றால் செங்கல் சுவர்மீது அழுத்தம் அதிகம், பழைய சுவர் சாய்ந்துவிடும். அதற்கு மேல் ஏறும் என்று உங்கள் நோட்டு சொன்னால் தண்ணீரை உள்ளே விட்டு, பொருட்களை மேலே ஏற்றுங்கள்.

மணல் மூட்டை என்றால் பாதி மட்டும் நிரப்புங்கள். முழுதாக நிரப்பியது உருண்டையாக நின்று இடைவெளி விடும், பாதி நிரப்பியது படிந்து உட்காரும். அடியில் பிளாஸ்டிக் ஷீட், மேலே செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி மாற்றி.

7. மழைநீர்க் குழி, மோட்டார்: எதிர்பார்க்க வேண்டிய அளவு

திருவொற்றியூர்க் கடலோர மணலில் மழைநீர்க் குழி வேகமாக உறிஞ்சும். களிமண் பகுதிகளில் மெதுவாகத்தான். நவம்பர் கடைசியில் நிலத்தடி நீரே மூன்றடிக்கு வந்துவிட்ட இடங்களில் குழி நிறைந்துதான் கிடக்கும். கோடைத் தண்ணீருக்காகக் கட்டாயம் வையுங்கள், வெள்ளத்துக்கு அதை நம்பாதீர்கள்.

மோட்டாரை வாங்கும் முன், இறைக்கும் தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்று கேளுங்கள். அதே தெருவில் விட்டால் சுற்றிச் சுற்றி அதையே இறைப்பீர்கள்.

8. எச்சரிக்கை வந்த நாள்

புழல் நிரம்பும் அளவு 21.20 அடி, பூண்டி 35 அடி. இரண்டாவது வகைத் தண்ணீர் வரும் இடத்தில் இருப்பவர்கள் மழையைவிட இந்த நீர்மட்டச் செய்தியைத்தான் தினமும் பார்க்க வேண்டும். உபரிநீர் திறப்பு அறிவித்தால் மழை இல்லாவிட்டாலும் கிளம்புங்கள்.

கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், படுக்கையில் உள்ள பெரியவர்கள் ஒரு நாள் முன்பே வேறிடம் போக வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் கணேசபுரம், ஜீவா போன்ற சப்வேக்கள் இல்லாத பாதையை முன்பே ஓட்டிப் பாருங்கள். ஆம்புலன்சும் தேங்கிய சப்வேயைத் தாண்டாது.

ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம் எல்லாம் ஜிப் கவரில் பரண்மேல். 2023-இல் நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கார்டை வைத்துத்தான் கொடுத்தார்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். காலி சிலிண்டர் மிதந்து எதன்மீதாவது மோதும். மாவட்ட உதவி எண் 1077, மாநில எண் 1070.

9. தண்ணீர் வடிந்ததும்

எலக்ட்ரீசியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜினுக்குள் நீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியில் அது உடைந்துவிடும். சம்பை இறைத்துக் கழுவி, குளோரின் மாத்திரை பாக்கெட்டில் உள்ள அளவுப்படி போட்டு, அதன் பிறகும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளநீரில் நடந்திருந்தால் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

சுவரைக் கழுவும் முன் ஒரு காரியம். கறை நின்ற உயரத்தில் கோடு போட்டு, தேதியையும் எந்த மணிக்கு அதிகம் இருந்தது என்பதையும் பெயிண்டால் எழுதுங்கள். பூஜ்யக் கோட்டிலிருந்து அது எத்தனை அங்குலம் என்று நோட்டிலும் ஏற்றுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்து குடிவருபவருக்கு அது தேவைப்படும்.